கல்லும் ஓலையும் கூறும் வழக்குகள்: இடைக்காலச் சட்ட வரலாற்றைக் கற்றலும் எடுத்துரைத்தலும்

முன்னுரை

ஒரு நாட்டு மக்களின் பண்பாட்டை அறிய விரும்புவோர் அந்நாட்டின் இலக்கியத்தையும் கலையையும் முதற்கண் நாடுவர். அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றொன்றும் உண்டு. அம்மக்கள் தம்முள் எழுந்த பிணக்குகளை எவ்வாறு தீர்த்துக்கொண்டனர், எதனைக் குற்றம் என்றனர், எவருடைய சொல்லைச் சான்றாக ஏற்றனர் என்னும் வரலாறே அது. இதனைச் சட்ட வரலாறு என்பர்.

சட்ட வரலாறு என்றவுடன் அது சட்டக் கல்லூரிக்கு உரிய துறை என்று தமிழ் மாணவர் ஒதுங்கிவிடுகின்றனர். உண்மையோ வேறு. பல்லவர், பாண்டியர், சோழர் காலத்துத் தமிழகச் சட்ட நடைமுறையை அறியத் துணைபுரியும் மூலங்களுள் பெரும்பகுதி தமிழிலேயே உள்ளது. கல்வெட்டும் செப்பேடும் காப்பியமும் அம்மூலங்கள். அவற்றைப் படிக்கும் ஆற்றல் தமிழ் பயின்றோர்க்கே எளிதில் வாய்க்கும்.

எனினும் படிக்கும் ஆற்றல் மட்டும் போதாது. படித்ததை எவ்வாறு எடை போடுவது, எவ்வாறு பிறர்க்கு எடுத்துரைப்பது என்பனவும் கற்கத்தக்கன. குளம் யாருடையது, வழிபாட்டிடத்தின் நிலம் யாருடையது என்று ஊர்கள் வாதிடும்போது பழைய கல்வெட்டுகள் துணைக்கு அழைக்கப்படுகின்றன. அவ்வேளையில் ஆய்வாளன் ஒரு தரப்பின் வழக்கறிஞனாக நிற்பதா, உண்மைக்குச் சாட்சியாக நிற்பதா என்னும் வினா எழுகிறது. சாட்சியாக நிற்பதே அவன் கடமை என்பதையும், அதற்கு வேண்டிய பயிற்சி யாது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நம் வட்டாரத்தின் மூன்று சான்றுகள்

சிறுசேரி, தாம்பரம் பகுதிகளை இன்று கணினி நிறுவனங்களும் அகன்ற சாலைகளும் அடையாளப்படுத்துகின்றன. ஆயினும் இங்கிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் இடைக்கால நீதி வரலாற்றோடு தொடர்புடைய மூன்று ஊர்கள் உள்ளன.

முதலாவது பல்லாவரம். அங்குள்ள குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரை ஒன்று உண்டு. அம்மன்னனின் விருதுப் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அக்குடைவரை தர்காவாக விளங்கலாயிற்று. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இம்மன்னன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் வடமொழி நகைச்சுவை நாடகத்தின் ஆசிரியனும் ஆவான். காஞ்சி நகரில் தன் கபாலத்தைப் பறிகொடுத்த காபாலிகன் ஒருவன் பௌத்தத் துறவி மீது ஐயங்கொள்கிறான். வழக்கு மன்றத்துக்குச் செல்வோம் என்று பேச்சு எழுகிறது. அப்போது காபாலிகனின் துணைவி, விகாரங்களின் செல்வத்தைக் கையில் வைத்திருப்பவன் மன்றத்து அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான் என்னும் கருத்துப்படப் பேசுகிறாள். தன் ஆட்சியில் நடக்கும் நீதிமன்றத்திலும் கையூட்டு நுழையக்கூடும் என்று அரசனே எள்ளி நகையாடியது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இரண்டாவது குன்றத்தூர். பெரியபுராணம் இயற்றிய சேக்கிழார் பிறந்த ஊர் இது என்பது மரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்நூலில் சுந்தரர் வரலாறு ஒரு வழக்கின் வடிவில் அமைந்துள்ளது. சுந்தரரின் மணநாளன்று முதியவர் ஒருவர் வந்து, அவர் தமக்கு அடிமை என்கிறார். சுந்தரரின் பாட்டனார் எழுதித்தந்த ஆளோலை தம்மிடம் உள்ளது என்றும் கூறுகிறார். சுந்தரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. ஆட்சி, ஆவணம், சாட்சி ஆகிய மூன்றனுள் ஒன்றால் உரிமையை நிறுவுமாறு அவையோர் கேட்கின்றனர். கிழிக்கப்பட்டது படியோலையே என்று கூறி முதியவர் மூல ஓலையை நீட்டுகிறார். கரணத்தான் அதனைப் படிக்கிறான். சாட்சிகளின் எழுத்து ஆராயப்படுகிறது. காப்பில் இருந்த பாட்டனாரின் வேறு ஓலை ஒன்று கொணரப்பட்டு, இரண்டின் எழுத்தும் ஒப்புநோக்கப்படுகின்றன. அதன் பின்னரே தீர்ப்புக் கூறப்படுகிறது. மூலமும் படியும் வேறுபடுத்தப்பட்டதும், கையெழுத்து ஒப்பீடு சான்றாக ஏற்கப்பட்டதும் இதனால் விளங்குகின்றன.

மூன்றாவது உத்திரமேரூர். அவ்வூர் வைகுந்தப்பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. அவை முறையே கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராதல் வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதி இழப்பர். அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழப்பர். குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் சிறுவன். அதனைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்றுப் படிக்க வேண்டும். மறைப்புக்கு இடமின்றிச் செய்வதற்கே இவ்வேற்பாடு என்பது வெளிப்படை. இரண்டே ஆண்டுகளில் விதிகள் திருத்தி எழுதப்பட்டன என்பது, நடைமுறையில் கண்ட குறைகளை அச்சபையார் களைய முற்பட்டனர் என்பதைக் காட்டுகிறது.

நூலின் இயல்பை அறிதல்

இம்மூன்று சான்றுகளும் ஒரே தன்மையன அல்ல. முதலாவது எள்ளல் நாடகம். இரண்டாவது பக்திக் காப்பியம். மூன்றாவது சபை நிறைவேற்றிய தீர்மானம். ஒவ்வொன்றையும் அதன் இயல்பறிந்தே சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

மகேந்திரவர்மனின் நாடகத்தைக் கொண்டு காஞ்சியின் நீதிபதிகள் அனைவரும் கையூட்டுப் பெற்றனர் என்று முடிவு கட்டுதல் தவறு. நகைச்சுவை மிகைப்படுத்தும். ஆயினும் அவையினர் அறியாத ஒன்றைச் சொல்லி எவரும் அவர்களைச் சிரிக்கவைத்தல் அரிது. ஆகவே அப்படிப்பட்ட ஐயம் அக்கால மக்களிடையே இருந்தது என்று கொள்ளலாம்.

சேக்கிழார் சுந்தரர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். சுந்தரர் வழக்கு நடந்த முறைக்கு அவரை நேரில் கண்ட சாட்சியாகக் கொள்ள இயலாது. ஆனால் தம் காலத்து மக்கள் நன்கறிந்த ஓர் அவையையே அவர் வருணித்திருத்தல் வேண்டும். எனவே பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் வழக்கு முறைக்குச் சிறந்த துணைச் சான்றாகும். மனிதனை அடிமையாக எழுதித்தரும் ஆவணம் ஒன்றை அவையோர் வியப்பின்றி ஆராய்ந்தனர் என்னும் கசப்பான செய்தியையும் அது நமக்குத் தருகிறது.

சொல்லின் பொருளை அறிதல்

தமிழ்த்துறையின் பங்கு இங்கே மிகுதியாக வேண்டப்படுகிறது. பழஞ்சொல்லுக்கு இன்றைய பொருளை ஏற்றிவிடுதல் சட்ட வரலாற்றில் பெரும்பிழைக்கு வழிகோலும்.

நம் ஊர்ப்பெயரில் உள்ள 'சேரி' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். உத்திரமேரூர்க் கல்வெட்டு அந்தணர் ஊரின் பன்னிரண்டு சேரிகளைக் கூறுகிறது. அங்கே சேரி என்பது குடியிருப்புப் பகுதி, ஆட்சி அலகு. தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் பெயர்கள் வருகின்றன. ஒரே சொல் ஓரிடத்தில் சபை உறுப்பினரின் தெருவையும் மற்றோரிடத்தில் ஒதுக்கப்பட்டோரின் இருப்பிடத்தையும் குறித்தது. சொல் பொதுவாயினும் அச்சொல்லின்கீழ் வாழ்ந்தோரின் உரிமைகள் பொதுவாக இல்லை.

'தற்குறி' என்பது மற்றொரு சொல். இன்று அது கல்லாதவரை இகழும் சொல். ஆவண வழக்கிலோ அது எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்கு ஈடாக இட்ட குறியைச் சுட்டியது. எழுத்தறியாதவரும் தம் குறியை இட்டு ஒப்பந்தத்தில் பங்கு கொள்ள இயன்றது என்பதற்கு அச்சொல்லே சான்று. 'மன்றுபாடு' என்பது மன்றத்தில் விதிக்கப்படும் தண்டத் தொகை. 'ஆவணக்களரி' என்பது ஆவணங்கள் எழுதிப் பதிவான இடம். இத்தகைய சொற்களைத் தொகுத்துப் பொருள் காணுதல் தமிழ் மாணவர் செய்யத்தக்க பயனுள்ள ஆய்வாகும்.

ஆவணம் கூறுவதும் கூறாததும்

சோழர் வரலாற்றில் மக்கள் மிக விரும்பிப் பேசும் வழக்கு ஆதித்த கரிகாலன் கொலை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினத்தாலும், 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்களாலும் அது வீடுதோறும் அறிமுகமாயிற்று. இக்கொலை பற்றிய நேரடிச் சான்றாகக் காட்டப்படுவது காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு.

அக்கல்வெட்டு கூறுவது என்ன? பாண்டியன் தலைகொண்ட கரிகாலசோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோரை அது பெயர் சுட்டுகிறது. அவர்களுடைய உடைமைகளும் உறவினருடைய உடைமைகளும் பறிமுதலாயின. அவ்வாறு வந்த நிலம் விற்கப்பட்டதையும், அதனை வாங்கியவர் அறச்செயலுக்கு அளித்ததையும் அது பதிவு செய்கிறது. விசாரணை எப்படி நடந்தது, எவர் சாட்சி கூறினர், கொலைக்குக் காரணம் யாது, பின்னணியில் எவரேனும் இருந்தனரா என்பன பற்றி அது வாய் திறக்கவில்லை. ஏனெனில் அது கொலை வழக்கின் தீர்ப்பன்று. நில உரிமை கைமாறியதற்கான ஆவணம்.

இக்கொலையில் உத்தம சோழனுக்குப் பங்குண்டா என்பது பற்றி அறிஞரிடையே நெடிய விவாதம் நிகழ்ந்தது. பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாத்திரியார் ஐயத்துக்கு இடமுண்டு என்று கருதினார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். இருவரும் தம் காரணங்களை எடுத்து முன்வைத்தனர். படிப்பவர் அவற்றை எடைபோட்டுத் தம் முடிவுக்கு வர இயன்றது. இதுவே ஆய்வாளர்க்கு அழகு.

இக்கல்வெட்டை உத்திரமேரூர்க் கல்வெட்டோடு சேர்த்துப் படிக்கும்போது மற்றோர் உண்மை புலனாகிறது. அங்கே கணக்குக் காட்டாதவனின் உறவினரும் தகுதி இழந்தனர். இங்கே துரோகியின் உறவினரும் உடைமை இழந்தனர். குற்றத்தின் விளைவு தனி மனிதனோடு நில்லாமல் குடும்பத்தையும் சாரும் என்னும் எண்ணம் இரண்டிலும் காணப்படுகிறது. தேர்தல் விதி, அரச தண்டனை என்று இரண்டையும் தனித்தனியே படித்தால் இவ்வொற்றுமை கண்ணில் படாது.

ஒன்றன்று, பல

ஒற்றைக் கல்வெட்டைக் கொண்டு ஒரு காலத்தையே அளந்துவிடக் கூடாது. வேட்டையில் தவறுதலாகப் பட்ட அம்பினால் ஒருவர் இறந்தபோது, எய்தவனுக்குக் கொலைத் தண்டனை தராமல், கோயிலில் விளக்கெரிக்க ஏற்பாடு செய்யுமாறு பணித்த கல்வெட்டுகள் உள்ளன. நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் அளிப்பது சோழர் காலத்துப் பெருவழக்கு. இவற்றைக் கண்டு சோழர் காலத்தில் கொலைக்கும் விளக்கே தண்டனை என்று சிலர் கூறிவிடுகின்றனர். விளக்கறம் கோயிலோடு தொடர்புடையது. ஆதலால் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டது. கோயிலோடு தொடர்பில்லாத தீர்ப்புகள் ஓலையில் எழுதப்பட்டிருக்கும். ஓலைகள் அழிந்தன; கற்கள் எஞ்சின. எஞ்சியதே முழுமை என்று எண்ணுதல் பொருந்தாது.

இதனை உணர்ந்தே ஜப்பானிய அறிஞர் நொபொரு கராசிமாவும் பேராசிரியர் எ. சுப்பராயலுவும் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளை ஒருங்கே ஆராயும் முறையைக் கையாண்டனர். சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து மட்சுயி என்னும் அறிஞரோடு இணைந்து அவர்கள் 1978இல் வெளியிட்ட பெயரடைவு, இத்துறையில் ஒரு திருப்பம் எனலாம்.

சாட்சிக் கையெழுத்துகள்

பல சமயத்தார் ஒரே ஆவணத்தில் சாட்சியாக நின்ற அரிய காட்சியும் நமக்குக் கிடைத்துள்ளது. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் கி.பி. 849ஆம் ஆண்டின. சேர மன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில் வேணாட்டு அய்யனடிகள் கிறித்தவப் பள்ளி ஒன்றுக்கு வழங்கிய உரிமைகளை அவை கூறுகின்றன. அவ்வுரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களுக்கு அளிக்கப்பட்டது. வட்டெழுத்தில் அமைந்த அவ்வாவணத்தின் இறுதியில் கூஃபி எழுத்தில் அரபியும், பஹ்லவியும், எபிரேய எழுத்தில் பாரசீகமும் ஆகச் சாட்சிக் கையெழுத்துகள் உள்ளன. முஸ்லிம், பார்சி, யூத வணிகர் ஒரு கிறித்தவப் பள்ளியின் உரிமைக்குச் சாட்சி நின்றனர் என்பது அறிஞர் கருத்து.

மதுரைக் கோரிப்பாளையம் தர்கா பற்றிய 1573ஆம் ஆண்டுக் கல்வெட்டும் இங்கே நினைக்கத்தக்கது. கூன் பாண்டியன் காலத்தில் தர்காவுக்குக் கிடைத்தனவாகக் கூறப்படும் நிலங்களின் உரிமையை வீரப்ப நாயக்கர் உறுதிசெய்ததை அது தெரிவிக்கிறது. நாயக்க மன்னர் ஒருவர் தர்காவின் உரிமையைக் காத்தார் என்பது நமக்கு மகிழ்வூட்டும் செய்தி. ஆயினும் மகிழ்வூட்டும் ஆவணத்திடமும் அதே வினாக்களைக் கேட்டாக வேண்டும். 1573ஆம் ஆண்டின் தீர்ப்புக்கு அக்கல்வெட்டு நேர்ச்சான்று. அதற்கு முந்தைய பாண்டியர் காலக் கொடைக்கு அது பிற்காலத்தார் ஏற்றுக்கொண்ட மரபின் சான்று. இவ்விரண்டையும் வேறுபடுத்திச் சொல்வதால் தர்காவின் பெருமை குறைவதில்லை. சொல்பவரின் நம்பகம் கூடுகிறது.

நீதிபதிகளே வரலாறு எழுதிய காலம்

இடைக்கால இசுலாமிய உலகில் நீதிபதிகளே வரலாறும் எழுதினர். 'முகத்திமா' என்னும் பெருநூலை 1377இல் எழுதிய இப்னு கல்தூன், பின்னர்க் கெய்ரோவில் மாலிக்கி மத்ஹபின் தலைமைக் காஜியாகப் பணியாற்றினார். அறிவிப்பவரின் நேர்மையை மட்டும் பார்த்து ஒரு செய்தியை ஏற்றல் போதாது. அச்செய்தி மனித சமுதாயத்தின் இயல்புக்குப் பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கொள்கை.

இப்னு பதூதா இன்னும் நமக்கு அணியர். தில்லியிலும் மாலத்தீவிலும் காஜியாக இருந்த அவர், மாலத்தீவை விட்டு 1344இல் புறப்பட்டு, இலங்கை வழியாக மஅபர் என்னும் தமிழகக் கரைக்கு வந்தார். அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாசுத்தீன் தாமகானி. இருவரும் சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகளிரை மணந்தவர்கள், எனவே சகலர்கள். சுல்தானின் விருந்தினராகத் தங்கிய இப்னு பதூதா, அவர் பகைவரையும் அவர்தம் பெண்டிர் பிள்ளைகளையும் கொன்ற கொடுமையைத் தம் பயண நூலில் மறைக்காமல் எழுதிக் கண்டித்தார். ஒரே சமயம், மண உறவு, விருந்தோம்பிய நன்றிக்கடன் ஆகிய மூன்றும் அவர் வாயை அடைக்கவில்லை. சாட்சியாக நிற்றல் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எடுத்துரைக்கும் கடமை

கற்றதை வகுப்பறையோடு நிறுத்துதல் ஆகாது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் விழாவில் தலைமை அமைச்சர் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார். ஆயிரம் ஆண்டுப் பழமையான மக்களாட்சி என்னும் புகழ் அவ்வூருக்கு உண்டு. அதனை எடுத்துரைக்கும் ஆய்வாளன் கணக்குக் காட்டாதவனை விலக்கிய விதியைப் போற்ற வேண்டும். அதே மூச்சில், அவ்வுரிமை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவர்க்கே இருந்தது, உழைத்த பெரும்பான்மையோர்க்கும் பெண்டிர்க்கும் இல்லை என்பதையும் கூற வேண்டும். முன்னதை மட்டும் கூறுபவன் புகழ்பாடுவோன். பின்னதை மட்டும் கூறுபவன் பழிதூற்றுவோன். இரண்டையும் கூறுபவனே சாட்சி.

மூலங்களைக் காத்தலும் இக்கடமையில் அடங்கும். தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியை ஹுல்ஷ் 1890இல் வெளியிட்டார். அக்காலந்தொட்டு எடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் பல்லாண்டுகளாக மைசூரில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொணருமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டது. பழைய நீதி ஆவணங்களுக்காகப் புதிய நீதிமன்றம் குரல் கொடுத்த நிகழ்ச்சி அது.

நம் கல்லூரிகள் செய்யத்தக்கனவும் உள. ஆண்டுக்கு ஒருமுறை மாணவரைக் குன்றத்தூருக்கும் உத்திரமேரூருக்கும் அழைத்துச் செல்லலாம். அச்சில் வந்த கல்வெட்டு ஒன்றை எழுத்தெழுத்தாகப் படிக்கப் பயிற்றலாம். தமிழ், வரலாறு, அரபி ஆகிய துறைகள் இணைந்து ஆவணச் சொல்லடைவு ஒன்றைத் தொகுக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் தம் இல்லங்களிலும் பள்ளிவாசல்களிலும் உள்ள பழைய பத்திரங்களைப் பாதுகாத்து, படியெடுக்க இசைவு தரலாம்.

முடிவுரை

இடைக்காலச் சட்டம் இன்றைய சட்டமன்று. அதனை மீண்டும் கொணர்வதற்காக நாம் கற்பதில்லை; அதனை இழிவுபடுத்தவும் கற்பதில்லை. மனிதர் நீதியைத் தேடிய பாதையில் எங்கே நிமிர்ந்தனர், எங்கே சறுக்கினர் என்பதை அறியவே கற்கிறோம். ஆவணத்தின் இயல்பையும் சொல்லின் பொருளையும் அறிந்து, பல சான்றுகளை ஒப்பிட்டு, நமக்கு உவப்பானதற்கும் உவப்பற்றதற்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவோமாயின், நம் ஆய்வு எத்தரப்பார் முன்னும் தலைநிமிர்ந்து நிற்கும். திருவெண்ணெய்நல்லூர் அவையோர் மூல ஓலையைக் காணாமல் தீர்ப்புக் கூறவில்லை. மாணவச் செல்வங்களும் மூலத்தைக் காணாமல் எதனையும் முடிவென்று கொள்ளாதிருப்பார்களாக.